வோல்ட், ஆம்பியர், வாட்: நாம் போட வேண்டிய இன்னொரு கணக்கு



கொள்முதல் விலை, லாரி வாடகை, இறக்குக் கூலி, கழிவு, வட்டி என்று எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் நாம். ஆனால் கடைச் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் கணக்கை மட்டும் எலக்ட்ரீஷியன் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். கடைவீதியில் தீப்பிடித்தால் மறுநாள் செய்தித்தாளில் 'மின்கசிவு' என்று ஒரே சொல்லில் காரணம் வந்துவிடுகிறது. நாமும் விதி என்று பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் அளவுக்கு மீறிப் பளு ஏற்றிய ஒயரோ, தளர்ந்துபோன இணைப்போ ஒளிந்திருக்கக்கூடும். அவை எவ்வளவு சூடு தரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நம் சிட்டைக் கணக்கு போலத்தான்

விலையை எடையால் பெருக்கினால் தொகை. அதேபோல வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். நம் கடைகளுக்கு வரும் சாதாரண ஒற்றை பேஸ் இணைப்பில் இது 230. ஆம்பியர் என்பது ஒயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு. வாட் என்பது நாம் செலவழிக்கும் திறன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

நான்காவது ஒன்று உண்டு, மின்தடை. குறுகிய சந்தில் தள்ளுவண்டி திணறுவது போல, ஓடும் மின்சாரத்துக்கு வழியில் ஏற்படும் தடை இது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இந்த விதியை 1827-ல் வெளியிட்ட ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் பெயராலேயே இதன் அளவும் 'ஓம்' எனப்படுகிறது.

கடையில் டீ போடும் மின் கெட்டிலை எடுத்துக்கொள்வோம். அடியில் 1500 வாட் என்று அச்சிட்டிருக்கும். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். 230-ஐ அந்த 6.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 35 ஓம். மாலையில் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் 5.7 ஆம்பியர்தான் ஓடும். திறன் 1130 வாட் அளவுக்குக் குறைந்துவிடும். தண்ணீர் கொதிக்க நேரமாகிறதே என்று பையனைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

ஒரு பிளக்கில் நாலு சாமான்

சிறிய பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர், அதாவது 1380 வாட். கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது. அதே பாயின்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, பாக்கெட் ஒட்டும் மிஷின் 300, பில் போடும் கம்ப்யூட்டர் 150, மின்விசிறி 75 என்று சேர்த்தால் மொத்தம் 2025 வாட். 230-ஆல் வகுத்தால் 8.8 ஆம்பியர். ஆறு மூட்டை ஏற்ற வேண்டிய வண்டியில் ஒன்பது மூட்டையை ஏற்றுகிறோம்.

ஏற்றினால் என்ன ஆகும்? ஒயரில் உண்டாகும் சூடு, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, மீண்டும் மின்தடையால் பெருக்கினால் வரும். இதைக் கண்டறிந்து 1841-ல் வெளியிட்டவர் இங்கிலாந்தில் மது ஆலை நடத்திய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜூல். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 மீட்டர் எக்ஸ்டென்ஷன் என்றால், போக வரச் சேர்த்து மின்தடை ஏறக்குறைய 0.47 ஓம். 4.4 ஆம்பியர் ஓடினால் 9 வாட் சூடு. 8.8 ஆம்பியர் ஓடினால் 18 அல்ல, 36 வாட். பளு இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு என்பதை மறக்கலாகாது. ஒயரைச் சுருட்டிச் சாக்குக்கு அடியில் வைத்தால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகத் தொடங்கும்.

தளர்ந்த திருகு

இதைவிட அஞ்ச வேண்டியது தளர்ந்த இணைப்பு. பிளக்கினுள் ஒரு திருகு தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். 8.8 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 39 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! ஆம்பியர் கூடாததால் எம்.சி.பி. சுவிட்சும் விழாது. பிளக் பழுப்பேறுவது, கருகிய வாடை, விளக்கு மினுக்குவது ஆகியவையே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

செய்ய வேண்டியவை

எங்கள் மண்டியில் ஓர் அட்டையில் எல்லாச் சாமான்களின் வாட்டையும் எழுதி, எந்த பாயின்டில் எது என்று குறித்து, மெயின் போர்டு அருகே மாட்டியிருக்கிறோம். புதிதாக ஒன்றை வாங்கினால் முதலில் அட்டையில் ஏறும், பிறகுதான் பிளக்கில் ஏறும். பிரிட்ஜ், ஏ.சி., மோட்டார் ஆகியவற்றுக்கு இந்த எளிய வகுத்தல் சரியாக வராது. ஓடத் தொடங்கும் கணத்தில் அவை பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஆகவே தகட்டில் உள்ள ஆம்பியரையே பார்த்துத் தனி லைன் கொடுக்க வேண்டும். கெட்டில் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பாயின்டும் அதற்கேற்ற கனமான ஒயரும் அவசியம்.

பண்டிகைக் காலத்துக்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, டாங் டெஸ்டர் கொண்டு ஒவ்வொரு லைனிலும் ஓடும் ஆம்பியரை அளக்கச் சொல்லி, திருகுகளை முடுக்கச் சொல்ல வேண்டும். பியூஸ் போனால் கையில் கிடைத்த செம்புக் கம்பியைக் கட்டுவதும், எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரிய அளவு மாற்றுவதும் கூடவே கூடாது. மொத்தப் பளு அனுமதி பெற்ற கிலோவாட்டைத் தாண்டினால் முறைப்படி விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது எலக்ட்ரீஷியன் வேலையை நாமே பார்ப்பதற்காக அல்ல, அவரிடம் சரியான கேள்வி கேட்பதற்காக.

எரிந்த சரக்குக்குக் காப்பீட்டுப் பணம் வரலாம். இரவில் கடைக்குள் படுத்துறங்கும் பையனின் உயிருக்கு எந்தப் பணமும் ஈடாகாது. இன்றிரவு கல்லாவை எண்ணி முடித்ததும், இன்னொரு பத்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொரு பிளக்கின் வாட்டையும் கூட்டிப் பார்ப்போம்.