திரையில் பறக்கும் போர் விமானங்கள்: எது மெய், எது அனுமானம்?

கணினித் திரையில் போர் விமானம் ஓட்டும் மென்பொருட்களைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே இருந்து வருகின்றது. ஆனால், சிமியுலேட்டர் என அழைக்கப்படும் இவற்றுள் ஒரு பகுதி விளையாட்டு என்ற எல்லையைக் கடந்து நெடுங்காலமாகின்றது. இத்துறையில் பணியாற்றிய ஒருவர் போர் விமானக் கையேடுகளைத் தேடிச் சிறை சென்றிருக்கின்றார். இவற்றில் பதிவான காட்சிகள் உண்மையான யுத்தக் காட்சிகளாக உலகெங்கும் பரவியிருக்கின்றன. வல்லரசொன்று தனது மிகப்பெரிய போர் விமானத் திட்டத்தின் முக்கிய முடிவொன்றை, அதற்குரிய சிமியுலேட்டர் தயாராகும் வரை தள்ளிப்போட வேண்டியிருந்தது. ஆகவே, 'அச்சொட்டாக உண்மையைப் போலவே இருக்கின்றது' என்று இவற்றைப் பற்றிக் கூறப்படும்போது, அக்கூற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு அனுமானம் என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியமாகின்றது.

பறக்காமலே பறக்கப் பழகும் முயற்சி கணினிக்கு முந்தியதாகும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பியானோ, ஓர்கன் ஆகிய இசைக்கருவிகளைத் தயாரிக்கும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், அக்கருவிகளின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே சாய்ந்தும் திரும்பியும் அசையும் பயிற்சிக்கூடொன்றை அமைத்து, 1931 இல் அதற்கான காப்புரிமையைப் பெற்றார். அதனைப் பொருட்படுத்தியவர்கள் அப்போது சிலரே. 1934 இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் தபால் விநியோகப் பணி ஒப்படைக்கப்பட்டபோது, மோசமான காலநிலையில் கருவிகளை நம்பிப் பறக்கத் தெரியாமையால் சில வாரங்களுக்குள்ளேயே பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே தலா 3,500 டொலர் விலையில் ஆறு கூடுகளை இராணுவம் வாங்கியது. சிமியுலேட்டர் என்பது உயிரிழப்பின் படிப்பினையாகவே படைகளுக்குள் நுழைந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

வீட்டுக் கணினிகளில் இத்துறையின் திருப்புமுனையாகக் கருதப்படுவது 1998 டிசம்பரில் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட 'பல்கன் 4.0' ஆகும். எவ்-16 விமானத்தையும் கொரியத் தீபகற்பத்தில் நடைபெறுவதாகக் கற்பனை செய்யப்பட்ட யுத்தத்தையும் சித்திரித்த அம்மென்பொருளுடன் மிகத் தடித்த கையேடொன்றும் வழங்கப்பட்டது. விளையாடுபவர் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதில் யுத்தம் தன்பாட்டில் நகர்ந்துகொண்டேயிருக்கும். 2000 ஆம் ஆண்டில் அதன் மூல நிரல் வெளியே கசிந்ததையடுத்து ஆர்வலர்கள் அதனைத் தொடர்ந்து மெருகேற்றி வருகின்றனர். மறுபுறத்தில், 1995 இல் 'சுகோய்-27 பிளாங்கர்' மூலம் அறிமுகமான ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் இன்று 'டி.சி.எஸ்.' என்ற பெயரில் எவ்-16, எவ்/ஏ-18 முதலான விமானங்களை நுணுக்கமாகச் சித்திரிக்கின்றது. அந்நிறுவனம் வெளியிட்ட ஏ-10சி விமானச் சிமியுலேட்டர், அமெரிக்க வான் தேசியக் காவற்படைக்கென உருவாக்கப்பட்ட பயிற்சி மென்பொருளிலிருந்து பிறந்ததாகும்.

இவற்றின் மெய்த்தன்மையை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. அதனை மூன்று படிகளாகப் பிரித்து நோக்குவதே பொருத்தமாகும்.

முதலாவது படி விமானியறையாகும். ஓர் ஆளியைத் தட்டினால் எந்த விளக்கு எரியும், எந்தத் திரையில் எந்தப் பக்கம் தோன்றும், இயந்திரத்தை இயக்கும் ஒழுங்கு யாது என்பவை விமானியின் கையேட்டில் எழுதப்பட்டுள்ளவை. எழுதப்பட்டதை நிரலாக மாற்றலாம். தரமான சிமியுலேட்டரில் எவ்-16 ஐ ஒரு பொத்தானால் கிளப்பிவிட முடியாது. மின்கலத்தை இணைத்து, துணை இயந்திரத்தால் பிரதான இயந்திரத்தைச் சுழற்றி, வழிகாட்டும் கருவி தன் இருப்பிடத்தைக் கணித்து முடிக்கும் வரை சில நிமிடங்கள் காத்திருந்து, அதன் பின்னரே ஓடுபாதைக்குச் செல்ல வேண்டும். இப்படியில் திரைக்கும் உண்மைக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு எனத் துணிந்து கூறலாம்.

இரண்டாவது படி பறப்பின் பௌதிகமாகும். எவ்-16 விமானம் இயல்பிலேயே நிலைப்புத்தன்மை தளர்த்தப்பட்டு வடிவமைக்கப்பட்டது. கணினியின் இடைவிடாத திருத்தங்கள் இன்றி அதனை மனிதனால் கட்டுப்படுத்த இயலாது. விமானி கைப்பிடியின் மூலம் தனது விருப்பத்தைத் தெரிவிக்கின்றார்; இறகின் மடல்களை எவ்வளவு அசைப்பது என்பதைக் கணினியே தீர்மானிக்கின்றது. அக்கைப்பிடி ஆரம்பத்தில் சற்றேனும் அசையாது, கையின் அழுத்தத்தை மாத்திரம் உணரும் வகையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. விமானிகளுக்கு அது ஒவ்வாமற்போனதால் பின்னர் சிறிதளவு அசையுமாறு மாற்றப்பட்டது. எனவே, இவ்விமானத்தைச் சித்திரிப்பவர் காற்றின் விசைகளை மாத்திரமன்றி, அந்தப் பறப்புக் கணினி சிந்திக்கும் முறையையும் சித்திரித்தாக வேண்டும். வெளியான பறப்புத் தரவுகளும் காற்றுச் சுரங்க ஆய்வுகளும் இதற்குக் கைகொடுக்கின்றன. எனினும், இடைவெளிகளைக் கணிப்பீடுகளால் நிரப்ப வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது படியே மிகச் சிக்கலானது. ராடர், ஏவுகணை, இலத்திரனியல் யுத்தம் என்பன இதிலடங்கும். பழைய விளையாட்டுகளில் ராடர் என்பது ஒரு கூம்பு போன்றது. அதற்குள் அகப்பட்ட எதிரி திரையில் தோன்றுவார், அவ்வளவே. உண்மையான ராடரோ அவ்வாறானதல்ல. எதிரி விமானம் தெறிக்கச் செய்யும் அலையின் பலம் தூரத்தின் நான்காம் அடுக்கிற்கு ஏற்பக் குறைகின்றது. அதனால், ஒரு விமானத்தின் ராடர் தெறிப்புப் பரப்பைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தாலும் அதனைக் கண்டறியும் தூரம் பாதியாக மாத்திரமே குறையும். நிலத்திலிருந்து தெறிக்கும் அலைகளுக்கிடையே விமானத்தை வேறுபடுத்துவதற்கு அதன் வேகத்தால் அலையில் ஏற்படும் மாற்றமே உதவுகின்றது. எதிரி குறுக்காகத் திரும்பிப் பறந்தால் அம்மாற்றம் நிலத்தின் தெறிப்பினுடையதைப் போலாகி, ராடர் அவரை நிலமெனக் கருதிக் கழித்துவிடும். இன்றைய சிமியுலேட்டர்கள் இதனைச் சித்திரிக்கின்றன. விளையாடுபவர்களும் இதனைப் பயன்படுத்தித் தப்பிக்கக் கற்றுக்கொள்கின்றனர்.

ஏவுகணைகளின் கதையும் இத்தகையதே. அவற்றின் உந்துகணை எரிவது சில விநாடிகளே. அதன் பின்னர் அவை சேமித்த வேகத்தைச் செலவிட்டபடியே செல்கின்றன. உயரத்தில் அடர்த்தி குறைந்த காற்றில் வெகுதூரம் செல்லும் ஏவுகணை, தாழ்வான உயரத்தில் அத்தூரத்தின் ஒரு பகுதியையே அடையும். விளம்பரங்களில் அச்சிடப்படும் உச்சத் தூரம் என்ற ஒற்றை எண் எவ்வளவு தவறான எண்ணத்தை ஏற்படுத்தக்கூடியது என்பதை இதிலிருந்து உணரலாம். ஆனால், எதிரியின் ராடரை எவ்வாறு குழப்புவது, அக்குழப்பத்தை ஏவுகணை எவ்வாறு முறியடிக்கின்றது என்பவை படைகளின் ஆழ்ந்த இரகசியங்கள். இங்கு சிமியுலேட்டர் காட்டுவது கற்றறிந்தவர்களின் அனுமானமேயன்றி உண்மையல்ல. யுத்தத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடிய பகுதியும் இதுவே என்பதுதான் இதிலுள்ள முரண்.

இந்த இடைவெளியை நிரப்பும் வேட்கை சிலரை ஆபத்தில் தள்ளியுள்ளது. சிமியுலேட்டர் நிறுவனமொன்றில் பணியாற்றிய ரஷ்யப் பிரஜை ஒருவர், எவ்-16 கையேடுகளை இணைய ஏலத்தில் வாங்கி அமெரிக்காவுக்கு வெளியே எடுத்துச்செல்ல முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2018 இல் ஜோர்ஜியாவில் கைதானார். அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்ட அவர் 2019 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கருதப்பட்ட நிலையில் நாடு திருப்பியனுப்பப்பட்டார். 'வார் தண்டர்' என்ற விளையாட்டின் ஆர்வலர்கள், தமது வாதத்தை நிலைநாட்டும் பொருட்டுக் கட்டுப்படுத்தப்பட்ட இராணுவ ஆவணங்களை 2021 முதல் பல தடவைகள் பகிரங்கப்படுத்தியுள்ளனர். பிரித்தானியாவின் சலஞ்சர் 2 தாங்கி பற்றிய ஆவணம் அவற்றுள் ஒன்று. நிர்வாகத்தினர் அவற்றை நீக்கியபோதிலும் விளையாட்டொன்றின் நுணுக்கத்துக்காக இவ்வாறு நடைபெற்றது கவலைக்குரியதே.

இரகசியங்கள் அனைத்தையும் தன்வசம் வைத்திருக்கும் அரசுக்கேனும் மெய்த்தன்மை எளிதில் கைகூடுகின்றதா என்றால், அதுவும் இல்லை. எவ்-35 விமானத்தை நவீன வான்பாதுகாப்பு அடர்ந்த சூழலில் சோதிப்பதற்குத் திறந்த வான்வெளி போதாது என்பதால், அதற்கெனச் சிமியுலேட்டர் ஒன்று திட்டமிடப்பட்டது. முதல் முயற்சி 2015 இல் கைவிடப்பட்டு, அப்பணி அமெரிக்கக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் நடத்தப்பட வேண்டியிருந்த 64 சோதனைகள் 2023 செப்டெம்பரிலேயே நிறைவுற்றன. முழு அளவிலான உற்பத்திக்கு 2024 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது.

கருவிகள் யாவும் துல்லியமாக அமைந்தாலும் உடலைத் திரையால் ஏமாற்ற முடியாது. புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு விசையில் எவ்-16 திரும்பும்போது 70 கிலோகிராம் நிறையுள்ள மனிதர் 630 கிலோகிராம் நிறையுள்ளவராகவே தம்மை உணர்வார். தலையிலிருந்து குருதி வடிந்து பார்வை சுருங்கும். கால்களையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைக் கட்டுப்படுத்தத் தவறினால் நினைவிழப்பார். சிமியுலேட்டரில் திரை இருளும். நாற்காலியில் இருப்பவரோ தேநீர் அருந்திக்கொண்டிருக்கலாம். 2020 ஓகஸ்டில் அமெரிக்காவின் டார்பா நிறுவனம் நடத்திய போட்டியில் செயற்கை நுண்ணறிவு நிரலொன்று எவ்-16 விமானி ஒருவரை ஐந்துக்குப் பூச்சியம் என வீழ்த்தியது. ஆனால், அந்த நிரலுக்கு எதிரியின் இருப்பிடம் எப்போதும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பயிற்சிப் பறப்புகளில் தடைசெய்யப்பட்டுள்ள நேருக்கு நேரான துப்பாக்கித் தாக்குதலையும் அது தயக்கமின்றி மேற்கொண்டது. உயிருக்கு அஞ்ச வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை.

எமது வாசகர்களைப் பொறுத்தவரை இவ்விடயம் நேரடியாகத் தொடுவது செய்திக் காட்சிகள் வழியாகவே. 2022 பெப்ரவரியில் உக்ரைன் யுத்தம் ஆரம்பித்த நாட்களில், ரஷ்ய விமானத்தை 'கீவ் நகரின் ஆவி' என்ற விமானி வீழ்த்துவதாகப் பரவிய காட்சி டி.சி.எஸ். மென்பொருளில் உருவாக்கப்பட்டதாகும். அப்படியொரு தனிமனிதர் இல்லை என்பதை உக்ரைன் விமானப்படையே பின்னர் ஏற்றுக்கொண்டது. செக் நாட்டு நிறுவனமொன்று 2013 இல் வெளியிட்ட 'ஆர்மா 3' விளையாட்டின் காட்சிகள் காஸாவின் பெயராலும், 2025 மே மாதத்தில் இந்திய-பாகிஸ்தான் மோதலின் பெயராலும் பகிரப்பட்டன. தமது உறவுகளாகக் கருதும் மக்களின் துயரை அறியத் துடிப்பவர்கள், ஒரு பொய்க் காட்சியைப் பகிர்வதன் மூலம் உண்மையான காட்சிகளையும் பிறர் ஐயுறும் நிலையை அறியாமலே உருவாக்கிவிடுகின்றனர். தெளிவற்ற படம், நடுங்கும் கமெரா, இரவு நேரம், ஒலியின்மை, நடமாடும் மனிதர்கள் எவரும் இல்லாமை ஆகியன போலிக் காட்சிகளின் அடையாளங்கள் என அந்நிறுவனமே 2022 நவம்பரில் எச்சரித்திருந்தது.

மனிதர்கள் இல்லாமை என்ற அந்த அடையாளம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. விமானியறையின் நூற்றுக்கணக்கான ஆளிகளையும் உயிர்ப்பிக்கும் சிமியுலேட்டரில், நிலம் என்பது இலக்குகளின் பட்டியலாகவே இருக்கின்றது. கட்டடம் இடிகின்றது, அதற்குள் எவரும் இருப்பதில்லை. கிபிர், மிக் விமானங்களின் இரைச்சலைப் பதுங்குகுழிக்குள் இருந்து கேட்ட மக்கள் வாழும் நாட்டில், இவ்விடுபடலை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இது நிரலாளரின் திறமைக் குறைவன்று. எதைச் சித்திரிப்பது என்பதில் செய்யப்பட்ட தெரிவு.

இதனால் இம்மென்பொருட்களை வெறுத்தொதுக்க வேண்டும் என்று நாம் கூறவரவில்லை. பௌதிகத்தையும் ராடரின் தத்துவத்தையும் ஆர்வத்துடன் கற்க இவை இளைஞர்களுக்கு வழிசெய்கின்றன. ஆனால், கையேட்டில் உள்ளது எது, கணிப்பிடப்பட்டது எது, ஊகிக்கப்பட்டது எது, விடுபட்டது எது என்ற நான்கு வினாக்களையும் அவர்கள் எழுப்பப் பழக வேண்டும். வான் தாக்குதலின் காட்சியென ஒன்று எமது கைத்தொலைபேசிக்கு வந்து சேரும்போது, அதனை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னர் நாமும் அவ்வாறே சற்று நிதானித்து வினவுவோமாக.