ரேகை விழாதபோது

அதிகாரம் எப்போதும் கட்டளையாக வருவதில்லை. 'அனுமதி இல்லை' என்று ஒரு திரையில் தெரியும் எழுத்தாகவும் வருகிறது. இதைக் கணினித் துறைக்காரர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்று நினைக்கிறேன்.

திருவையாற்றுப் பக்கத்து ரேஷன் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் தமிழகக் கடைகளுக்குக் கைரேகை முறை வந்தது. வைத்த விரலின் பதிவு பல கணினிகளைத் தாண்டி ஆதார் மையத்துக்குப் போகிறது. 'ஆம்' அல்லது 'இல்லை' திரும்புகிறது. அரிசி ஓரிடம், பெயர்ப் பட்டியல் ஓரிடம், தீர்ப்பு இன்னோரிடம். இப்படி ஒன்றையொன்று பார்க்காமல், வரும் செய்தியை மட்டும் நம்பி இயங்கும் கணினிகளின் கூட்டம்தான் பரவல் அமைப்பு.

இதில் இரண்டு கேள்விகள் உண்டு. 'நீ யார்?' ஒன்று. 'உனக்கு என்ன உரிமை?' மற்றொன்று. ரேகை முதல் கேள்விக்கு மட்டுமே பதில். அது தவறினால் இரண்டாவதும் சேர்ந்தே பறிபோகிறது.

யார், எதை, என்ன செய்யலாம் என்பதை ஓர் அட்டவணையாக 1971இல் பட்லர் லாம்ப்சன் விளக்கினார். அதைப் பொருளின் வாசலில் பட்டியலாக வைக்கலாம். உரியவர் கையில் சீட்டாகவும் கொடுக்கலாம். சீட்டு கைமாறக்கூடியது. பழைய குடும்ப அட்டை ஏறக்குறைய அப்படித்தான். நடவுக்குப் போகிறவள் 'நீ வாங்கியாந்துடு அக்கா' என்று கொடுத்தனுப்பலாம். கைரேகையில் உடம்பே சீட்டாகிவிட்டது. உடம்பை எப்படிக் கொடுத்தனுப்புவது? வர இயலாத முதியோர் அங்கீகாரச் சான்று தந்து வேறொருவரை அனுப்பலாம் என்று அரசு பிறகு வழிசெய்தது. இழந்த கைமாற்றைத்தான் அது திருப்பித் தந்தது.

1975இல் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் பாதுகாப்புக்குச் சில விதிகள் வகுத்தார்கள். அவற்றில் ஒன்று: அனுமதி உறுதியாகாதவரை மறுப்பதே இயல்பு நிலை. வங்கிக் கணக்குக்கு அது சரி. சோற்றுக்கு?

'ரேகை விழல பாட்டி, கையத் தொடச்சிட்டு வைங்க' என்கிறார் கடைக்காரர். நாற்றுப் பிடுங்கித் தேய்ந்த விரல் அது. அவளைக் கடைக்காரருக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஆனால் தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள இயந்திரத்துக்கு அவளைத் தெரியாது.

ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடு என்பது ஒரு விதி. திருப்பி அனுப்பு என்பதும் ஒரு விதி. இரண்டில் எதை எழுதுவது என்று எந்த இயந்திரமும் தீர்மானிப்பதில்லை, மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். ஓர் அமைப்பு சரியாக ஓடும்போது அதன் அரசியல் தெரியாது. அதற்கு ஒன்றும் தெரியாதபோது யார் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.