நீர்மேல் கோடு – 9: ஒரு நூலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு

படகுத்துறையின் மரப்பலகை மேல் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் அவருடைய சறுக்குப் பலகை குப்புறக் கிடக்கிறது. வால்பக்கம் மீன்துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய உலோகத் தகட்டை இரண்டு பக்கமும் திருகுகள் கவ்விப் பிடித்திருக்கின்றன. ஆலன் கீயால் அவற்றைக் கொஞ்சம் தளர்த்துகிறார். காலிப்பரின் முனையைத் தகட்டின் ஓரத்தில் வைத்து அளக்கிறார். கட்டைவிரலால் மெல்ல ஒரு தட்டு. மறுபடி அளக்கிறார். இன்னொரு தட்டு. எண் சரியாக வந்ததும் திருகுகளை இறுக்குகிறார். இறுக்கும்போதே தகடு நகர்ந்துவிடக்கூடும் என்பதால் கடைசியாக ஒருமுறை அளந்து, நோட்டில் எழுதிவைக்கிறார்.

தகடு நகர்ந்த தூரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. நம் ஊர்த் தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள் அல்லவா? அதில் ஒரு நூலை எடுத்து இருபத்தைந்தாகப் பிரித்தால் வரும் பங்கு அது. மில்லிமீட்டரில் சொன்னால் 0.13கூட இல்லை.

இந்த அற்ப தூரத்துக்கு ஏன் இத்தனை பாடு? அடுத்த முறை தண்ணீரில் இறங்கும்போது அவருடைய கால் அந்த வித்தியாசத்தை உணரும். ஸ்லாலம் நீர்ச்சறுக்கில் நான் மனதைப் பறிகொடுத்த இடம் இதுதான். வீரரின் உடலைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அவர் காலடியில் இருக்கும் பலகையையும் அவரை இழுத்துச் செல்லும் படகையும் பார்ப்போம்.

கயிறு எட்டாத இடம்

முதலில் கணக்கு. அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் பிடிபடும்.

ஸ்லாலம் பாதையின் நீளம் 259 மீட்டர். படகு நடுக்கோட்டில் நேராகப் போகும். அந்தக் கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று மாறி மாறி ஆறு மிதவைகள். வீரர் ஒவ்வொன்றையும் வெளிப்புறமாகச் சுற்றி வர வேண்டும். ஆண்களுக்குப் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பாதை 16.08 விநாடியில் முடிந்துவிடும். பெண்களுக்கு 55 கிலோமீட்டர், 16.95 விநாடி.

ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு நீளவாக்கில் 41 மீட்டர், குறுக்கே 23 மீட்டர். நேர்கோட்டில் போனாலே 47 மீட்டர். 58 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க வீரருக்குக் கிடைப்பது இரண்டரை விநாடிக்குச் சற்று அதிகம். போட்டுப் பார்த்தால் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 66 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மிதவையைச் சுற்றும்போது வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பதால், படகுக்குப் பின்னால் அலையைக் குறுக்கே வெட்டும்போது அதைவிட வெகு வேகமாகப் போனால்தான் கணக்கு நேராகும்.

ஆறு மிதவைகளையும் சுற்றி முடித்தால் பரிசாகக் கிடைப்பது இன்னும் குட்டையான கயிறு. 18.25 மீட்டர், பிறகு 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75, 9.5. மிதவை 11.5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 11.25 மீட்டர் கயிற்றைப் படகிலிருந்து செங்குத்தாகப் பிடித்து நீட்டினாலும் அது மிதவையைத் தொடாது. மிச்சத்தை நிரப்ப வீரரின் கையும் உடம்பும்தான் உண்டு. 9.5 மீட்டர் கயிற்றில் அந்த மிச்சம் முழுதாக இரண்டு மீட்டர். 2013இல் அமெரிக்காவின் நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்தபோது அது உலக சாதனை.

கயிறு குறையக் குறைய, எவ்வளவு பெரிய வீரரானாலும் ஓரிடத்தில் தவறவிடுவார். அந்த இடத்தைக் கால் மிதவை, அரை மிதவை அளவுக்காவது தள்ளிப்போடுவதுதான் போட்டி. தகட்டை நகர்த்துகிறவர் தேடுவது அந்தக் கால் மிதவையைத்தான்.

பலகையின் நான்கு எண்கள்

அந்தத் தகட்டை ஃபின் என்பார்கள். அதற்கு மூன்று அளவுகள்: நீளம், ஆழம், பலகையின் வால்நுனியிலிருந்து தள்ளியிருக்கும் தூரம். பொதுவாக நீளம் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஆழம் இரண்டரை அங்குலத்தை ஒட்டி, வாலிலிருந்து தூரம் முக்கால் அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஃபின்னின் மேல் குறுக்காக ஒரு சிறிய இறக்கை உண்டு. அதன் சாய்வு நான்காவது எண். ஏழிலிருந்து ஒன்பது டிகிரிவரை வைப்பார்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம். ஆழம் கூடினால் வால் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும்; பலகை நிதானமாக நிற்கும். மிகையாகிவிட்டால் திருப்பம் முடியவே முடியாது. வீரர் மிதவையைத் தாண்டியும் வெளியே போய்க்கொண்டே இருப்பார். ஆழம் குறைந்தால் வால் வழுக்கிக்கொண்டு சட்டென்று திரும்பும். மேலும் குறைத்தால் வால் பிடியை விட்டு வெளியே எகிறும். அடுத்த கணம் வீரர் தண்ணீருக்குள். ஃபின் முன்னே நகர்ந்தாலோ நீளம் கூடினாலோ பலகையின் மூக்குப் பக்கம் தண்ணீரைக் கடிக்கத் தொடங்கும். இறக்கை பிரேக் மாதிரி: மிதவையை நெருங்கும்போது பலகையை அடக்கும்.

இதோடு கால் இருக்கும் இடமும் சேர்கிறது. 67 அங்குலப் பலகையில் முன்காலின் குதிகால் வால்நுனியிலிருந்து ஏறத்தாழ 29, 30 அங்குலத்தில் அமையும். காலணியை ஓர் ஓட்டை முன்னே தள்ளினால் எடை மூக்குக்குப் போகும். பின்னே தள்ளினால் மூக்கு தூக்கிக்கொண்டு பலகை வேகமெடுக்கும்.

காலணியில் அளவைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விழும்போது இரண்டு காலும் சேர்ந்து கழல வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து பலகையோடு நிற்க வேண்டும். ஒரு கால் கழன்று மற்றது மாட்டிக்கொண்டால், பலகை நெம்புகோல் மாதிரி அந்தக் கணுக்காலைத் திருகிவிடும். மிதவை போனால் அடுத்த போட்டியில் எடுத்துக்கொள்ளலாம், கணுக்கால் அப்படியல்ல. அதனால் நல்ல பயிற்சியாளர் ஃபின்னைத் தொடுவதற்கு முன் காலணியைத்தான் பார்ப்பார்.

தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. 10 டிகிரி தண்ணீரின் பிசுபிசுப்பு 30 டிகிரி தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். வசந்தத்தின் குளிர்ந்த ஏரியில் அருமையாகத் திரும்பிய பலகை, கோடையில் வேறொருவருடைய பலகை மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் நோட்டில் ஃபின் அளவுக்குப் பக்கத்தில் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதுகிறார்கள்.

இந்த நான்கு எண்களையும் காலணியையும் ஒரே நாளில் மாற்றினால் என்ன ஆகும்? பலகை நன்றாக ஓடினால் எதனால் என்று தெரியாது. மோசமாக ஓடினால் திரும்பிப் போக வழி தெரியாது. எனவே அனுபவசாலிகள் ஒரு விதியை விடாமல் பிடித்திருக்கிறார்கள்: முதலில் இருப்பதை அளந்து எழுது, ஒன்றை மட்டும் மாற்று, சில முறை ஓடிப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்.

படகும் ஒரு கருவிதான்

கரையிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் படகு வெறும் இழுவை வண்டி. ஆனால் பாதி ஆட்டம் அங்கேதான் நடக்கிறது.

ஸ்லாலம் படகில் எஞ்சின் நடுவில் இருக்கும். கயிறு மாட்டும் கம்பம் அதை ஒட்டி, படகின் நடுப்பகுதியில் நிற்கும். கயிற்றைப் பின்கோடியில் கட்டியிருந்தால் வீரர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் படகின் பின்புறம் அவர் பக்கம் வளைந்துவிடும். அடிப்பகுதியில் உள்ள சிறு துடுப்புகள் படகைக் கோட்டில் பிடித்து வைக்கின்றன. பின்னால் எழும் அலை தாழ்வாக, மென்மையாக இருக்கும்படி அடிவடிவத்தைச் செதுக்குகிறார்கள். 1961இல் வந்த ஸ்கீ நாட்டீக்கும், 1968இல் தொடங்கிய மாஸ்டர்கிராஃப்ட்டும் பல பத்தாண்டுகளாக இந்த வேலையை மெருகேற்றி வருகின்றன.

பலகைக்கு இருக்கும் அதே நுணுக்கம் படகின் அடிவயிற்றிலும் உண்டு. எஞ்சினும் விசிறித் தண்டும் சேரும் இணைப்பில் சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கைத் தாண்டக்கூடாது. டாப்பெட் சரிபார்க்கும் மெக்கானிக் போல ஃபீலர் கேஜைச் செருகித்தான் அளப்பார்கள். ஸ்டியரிங்கை விட்டால் படகு ஒரு பக்கமாக இழுக்கிறதா? சுக்கானின் பின்விளிம்பை அரத்தால் கொஞ்சம் ராவிச் சரிசெய்வார்கள். கம்பம் ஆடுகிறதா, விசிறியின் இதழ் எதிலாவது இடித்து வளைந்திருக்கிறதா, படகில் ஏறியவர்களின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று பிசகினாலும், வலது மிதவைக்குப் போகும் இழுவையும் இடது மிதவைக்குப் போகும் இழுவையும் ஒன்றாக இருக்காது. வீரர் தன் ஃபின்மேல் பழி போட்டு, இல்லாத குறையைத் தேடிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது வேகம். வீரர் முழு உடம்பையும் சாய்த்து இழுக்கும்போது படகு கண நேரம் தளர்கிறது. மிதவையைச் சுற்றும்போது சுமை விலகி முன்னே பாயப் பார்க்கிறது. முன்பெல்லாம் ஓட்டுநர் இதைக் கையாலேயே சமாளித்தார். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் திராட்டில், பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு. கை பழகிய ஓட்டுநர் கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். 1990களில் கனடாவிலிருந்து வந்த பெர்ஃபெக்ட்பாஸ் கருவி அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தது. அதன்பின் ஜிபிஎஸ் கொண்டு இயங்கும் ஜீரோ ஆஃப் வந்தது.

ஜீரோ ஆஃபில் ஏ, பி, சி என்று மூன்று எழுத்துகள். 1, 2, 3 என்று மூன்று எண்கள். வீரர் இழுத்ததும் எஞ்சின் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்பது எழுத்து. எவ்வளவு பலமாக என்பது எண். ஏ1 தாமதமாக, மென்மையாக இழுக்கும். சி3 உடனே, வலுவாக இழுக்கும். தண்ணீரில் இறங்குவதற்கு முன் வீரர் ஓட்டுநரிடம் தனக்கு வேண்டியதைச் சொல்வார். கனமான உடம்பும் நீண்ட இழுப்பும் உள்ளவருக்கு ஒன்று பொருந்தும். சுருக்கென்று இழுத்து விடுகிறவருக்கு வேறொன்று. எதைக் கேட்டாலும் 259 மீட்டரைக் கடக்கும் நேரம் ஒரே பிரிவில் எல்லோருக்கும் ஒன்றே. இழுவையின் குணத்தை வீரர் தேர்ந்தெடுக்கலாம்; அளவைத் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் உள்ள நியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கணினி வந்ததால் ஓட்டுநர் வேலையற்றுப் போகவில்லை. கோடு இன்னும் அவர் கையில். வீரர் படகைப் பக்கவாட்டில் இழுக்கும் கணத்தில் ஸ்டியரிங்கில் அவர் கொடுக்கும் எதிரழுத்தம் கண்ணுக்கே தெரியாது. படகு வீரர் பக்கம் சாய்ந்தால் அவருக்குச் சலுகை. மறுபக்கம் போனால் அநியாயம். நடுக்கோட்டில் நிற்பதுதான் ஓட்டுநரின் நேர்மை.

முதல் அளவுகாரர்

இந்தக் காலிப்பரும் கணினியும் புதியவை. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனம் பழையது.

1922இல் மினசோட்டாவின் பெபின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் தண்ணீர்மேல் நிற்க ஆசைப்பட்டார். பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளைப் போட்டுப் பார்த்தார், அதுவும் பலிக்கவில்லை. பிறகு எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பலகைகள் வாங்கி, அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் முனைகளைக் கொதிக்கவைத்து மேல்நோக்கி வளைத்தார். சன்னல் கயிறுதான் இழுவைக் கயிறு. சகோதரர் பென் படகை ஓட்டினார். அப்போதும் விழுந்துகொண்டேதான் இருந்தார்.

பலகையின் மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துப் பார்த்தது ஜூலை 2ஆம் தேதி. அன்று எழுந்து நின்றார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது.

பீப்பாய்ப் பலகை, பனிப்பலகை, சொந்தப் பலகை, கடைசியில் தன் உடம்பின் சாய்வு என்று ஒவ்வொன்றாகத்தான் அவர் மாற்றிப் பார்த்திருக்கிறார். படகுத்துறையில் காலிப்பரோடு உட்கார்ந்திருப்பவர் எழுந்து, நோட்டை மூடிவைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார். ஃபின்னில் மாற வேண்டியது மாறிவிட்டது. இனி மாற வேண்டியது அவர்தான்.

(தொடரும்)