ஆர்டர் இல்லாமலே வேகும் தோசை: ஹெர்2 எப்படி இயங்குகிறது?

ஒரு ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து உட்கார்ந்தால் சப்ளையர் ஆர்டர் எடுப்பார், உள்ளே குரல் கொடுப்பார், மாஸ்டர் தோசை வார்ப்பார். ஆள் வராவிட்டால் கல் சும்மா கிடக்கும். மார்பகச் செல்லும் இப்படித்தான். அது இரண்டாகப் பிரிந்து பெருக, வெளியிலிருந்து ஆர்டர் வர வேண்டும்.

முதலில், சப்ளையர்கள். செல்லின் மேலுறையில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கும் ஏற்பிப் புரதங்கள் இவர்கள்தான். அவர்களில் ஒருவர் ஹெர்2. இவரிடம் நேராக ஆர்டர் சொல்பவர் யாரும் இல்லை. ஹெர்3 போன்ற கூட்டாளி ஆர்டர் வாங்கிவந்து கைகோத்தால்தான் இவர் குரல் கொடுப்பார்.

அடுத்து, அந்தக் குரல் இரண்டு வழியாகப் போகிறது. ராஸ் வழியில் போனால் ‘பெருகு’ என்று பொருள். பிஐ3கே வழியில் போனால் ‘கடையை மூடாதே’, அதாவது ‘சாகாதே’. புரதத்துக்குப் புரதம் கைமாறி, செய்தி உட்கரு வரை எட்டும்.

இனி கோளாறுக்கு வருவோம். வழக்கமாக ஒரு செல்லில் ஹெர்2 மரபணு 2 பிரதிகள் இருக்கும். சில புற்றுச் செல்களில் அது பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. அதனால் வாசலில் சப்ளையர் கூட்டம். நெரிசலில் தங்களுக்குள்ளேயே கைகோத்து, ஆர்டர் இல்லாமலே கத்துகிறார்கள். மாஸ்டரும் வார்த்துக்கொண்டே இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 விழுக்காடு இந்த வகை.

பிறகு, மருந்து. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் வெளியிலிருந்தே ஹெர்2-வைப் பிடித்துக்கொள்ளும். நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெர்டுசுமாப் கைகோக்கும் இடத்தை மறைக்கும். லாபாடினிப் மாத்திரை உள்ளே நுழைந்து குரலை அடைக்கும். ஆனால் பிஐ3கே-யிலேயே பிழை இருந்தால், யாரும் சொல்லாமலே அடுப்படி ஓடும். அப்போது வாசலை மட்டும் அடைப்பது போதாமல் போகலாம்.

எனவேதான் கட்டித் துணுக்கை முதலில் சோதிக்கிறார்கள். அதில் ஹெர்2 புரதத்துக்குத் தரும் மதிப்பெண் 3+ என்றால் ஹெர்2 மிகுதி. 2+ என்றால் தெளிவில்லை. அப்போது ஃபிஷ் என்னும் சோதனையில் மரபணுப் பிரதிகளை எண்ணிப் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. இதயத் தசைச் செல்களுக்கும் ஹெர்2 தேவை; அதைப் பிடித்துவைக்கும் மருந்து இதயத்தையும் பாதிக்கலாம். ஆகவே டிராஸ்டுசுமாப் தொடங்கும் முன்பும், நடுநடுவேயும் எக்கோ எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.