உயர்த்திய ஜீப்பும் பிரேக் ஹோஸும்

மருத்துவப் பணிக்கு ஜீப் வாங்கிக் கொடுக்க விரும்பும் சபையார் பலர், "வெள்ளத்திலும் மணலிலும் போகும்படி வண்டியை உயர்த்திக் கட்டினால் என்ன?" என்று கேட்பதுண்டு. அது நியாயமான கேள்விதான். முகத்துவாரக்குப்பம், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் கழிமுகத்தருகே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய் கலந்து வந்த வெள்ளத்தையும் வடசென்னை மறக்கவில்லை. ஆனால் வண்டியின் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த உயரத்தால் பாதிக்கப்படும் பிரேக் ஹோஸோ அடியில் மறைந்திருக்கிறது. ஆகவே அதைக் குறித்துச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

ஜீப்பின் பிரேக் எண்ணெயால் இயங்குவது. காலால் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் குழாய்களின் வழியாக எல்லாச் சக்கரங்களுக்கும் குறையாமல் போய்ச் சேருகிறது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த விஞ்ஞானியும் கிறிஸ்தவ சிந்தனையாளருமான பிளேஸ் பாஸ்கால் கண்டறிந்த விதி இது. அழுத்தி மிதித்தால் இந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோவையும் தாண்டலாம்.

சட்டத்தோடு சேர்ந்து ஓடுவது இரும்புக் குழாய். சட்டமோ அசையாதிருக்க, அச்சும் சக்கரமும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகின்றன. ஆகையால் இரண்டுக்கும் நடுவே வளையக்கூடிய ரப்பர் ஹோஸ் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் நீளம் தயாரிப்பாளர் வகுத்த உயரத்திற்கு மட்டுமே கணக்கிடப்பட்டது.

இப்போது பட்டை ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 2 அங்குலம் உயர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் மேலே போகிறது, அச்சு கீழேயே நிற்கிறது. நடுவிலிருக்கும் ஹோஸ் அந்த அளவுக்கு இழுபடுகிறது. நீளமான ஷாக் அப்சார்பரும் சேர்த்துப் பொருத்தினால், பள்ளத்தில் சக்கரம் முன்னைவிட இன்னும் கீழே தொங்கும். சமதரையில் நிற்கும்போது ஹோஸ் தளர்வாகவே தோன்றும். ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கும் அந்த நொடியில் அது விறைத்து, பொருத்திய இடத்தில் கிழியலாம். பழைய ஒற்றைச் சுற்று பிரேக் உள்ள ஜீப்பில் ஒரு ஹோஸ் அறுந்தாலே முழு பிரேக்கும் போய்விடும். இரட்டைச் சுற்று உள்ள வண்டியிலும் ஒரு பகுதி பிரேக்தான் மிஞ்சும்.

எனவே தரையில் நிற்கும்போது அளப்பது போதாது. சட்டத்தை ஸ்டாண்டில் தாங்கி, சக்கரங்கள் முழுவதும் தொங்கும்படி விட்டுப் பார்க்க வேண்டும். அந்நிலையில் ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடிவரை திருப்ப வேண்டும். எந்த நிலையிலும் ஹோஸ் இழுபடவோ, முறுக்கிக்கொள்ளவோ, டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசவோ கூடாது. பின்பு சக்கரம் முழுவதும் மேலேறிய நிலையிலும் அது நசுங்காதிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீளம் போதாவிட்டால் வழிகள் இரண்டு. உயர்வு சிறியதானால், சட்டத்தில் ஹோஸைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கீழே இறக்கி, இரும்புக் குழாயை மடிப்பு விழாமல் வளைத்துப் பொருத்தலாம். அதிகமானால், அந்த வண்டிக்கென்று செய்யப்பட்ட நீளமான பிரேக் ஹோஸே வேண்டும். துண்டு சேர்த்து நீட்டுவது கூடவே கூடாது. எண்ணூரில் அசோக் லேலண்டு தொழிற்சாலை இயங்கிவருவதால் லாரி உதிரிப் பாகங்கள் நம் பகுதியில் எளிதாய்க் கிடைக்கும். ஆனால் லாரியின் பிரேக் காற்றால் இயங்குவது. அதன் அழுத்தம் மிகக் குறைவு. அந்தக் காற்றுக்குழாய் ஜீப்பின் எண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது.

ஹோஸை மாற்றும்போது செப்பு வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும். பிறகு குழாயில் புகுந்த ஏரை ஒரு குமிழிகூட மிஞ்சாமல் எடுத்துவிட வேண்டும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஆகையால் ஏர் இருந்தால் பெடல் மெத்தென்று இறங்கும். சில வண்டிகளில் பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அச்சோடு கம்பியால் இணைந்திருக்கும். வண்டியை உயர்த்தினால், ஆட்கள் நிறைந்திருந்தாலும் வண்டி காலி என்றே அது எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் சரிசெய்ய வேண்டும்.

எங்கள் கடற்கரைக்கு இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. உப்புக் காற்று இரும்புக் குழாயை அரிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரியாகக் குறைந்துவிடலாம். கொதித்தால் ஆவி உண்டாகி பிரேக் பிடிக்காது. வெள்ளத்தில் ஓடிய வண்டியின் பிரேக் ஆயிலைச் சோதிப்பது நல்லது. எண்ணெய் கலந்த நீர் ரப்பரையும் கெடுக்கும்.

சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். தயாரிப்பாளர் வகுத்ததற்கும் பதிவுச் சான்றில் உள்ளதற்கும் மாறாக வாகனத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடந்தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதோடு, உயர்ந்த வண்டி வளைவில் கவிழும் ஆபத்தும் அதிகம்.

ஆகவே அன்பான பங்காளர்களே, புதிய வண்டி வாங்க எண்ணினால், தொழிற்சாலையிலேயே உயரமாகச் செய்யப்பட்டதைத் தெரிந்தெடுங்கள். ஏற்கெனவே உயர்த்தப்பட்ட பழைய ஜீப் ஒன்று காணிக்கையாக வந்தால், "எத்தனை அங்குலம் உயர்த்தினீர்கள்?" என்று கேட்பதோடு நிற்காமல், "சக்கரத்தைத் தொங்கவிட்டு ஹோஸைப் பார்த்தீர்களா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி உண்டா?" என்றும் கேளுங்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்துவரும் ஜீப், மருத்துவமனை வாசலில் நிற்கவும் வேண்டுமல்லவா?