பழைய தூசி யந்திரங்களின் வயது

தூசி உறிஞ்சும் பழைய யந்திரங்களைச் சேகரிக்கப் புகுகிறவர் முதலில் விட்டொழிக்க வேண்டிய அபிப்பிராயம் ஒன்றுண்டு: கையால் இயக்குவதெல்லாம் முந்தியது, மின்சாரத்தால் ஓடுவதெல்லாம் பிந்தியது என்பதே அது. ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் பெருக்கித் துடைக்கும் உத்தியோகத்திலிருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர், எழும்பும் தூசியால் ஆஸ்துமா உபாதை மிகவே, சிறு மோட்டாரையும் துடைப்பக் கழியையும் தலையணை உறையையும் கூட்டி ஒரு யந்திரம் சமைத்து, 1908-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்று, தோல் சாமான் வியாபாரியான ஹூவரிடம் விற்றுவிட்டார். அதன் பிறகும், மின்சாரம் எட்டாத இல்லங்களை உத்தேசித்து, துருத்தி யந்திரங்கள் தயாராகிக்கொண்டேதான் இருந்தன. 1910-ஐ ஒட்டி விற்ற 'பேபி டெய்ஸி'யில், ஒருவர் கழியை ஆட்டித் துருத்தியை இயக்க, மற்றொருவர் குழாயைப் பிடித்துக் கம்பளத்தைத் துடைக்க வேண்டும்; சிரமத்தைக் குறைக்க வந்த சாதனத்துக்கு இருவர் தேவைப்பட்டது வேடிக்கையே. இசைப்பெட்டிகளால் கீர்த்தி பெற்ற ரெஜினா கம்பெனியும், கிராமபோனால் அந்த வியாபாரம் நலிந்த காலத்தில், இத்தொழிலில் இறங்கிற்று.

மெய்யாகவே தொன்மையானவை அகப்படுவது அரிது. சிகாகோவில் ஐவ்ஸ் மக்காஃபி 1869-ல் காப்புரிமை பெற்ற 'வேர்ல்விண்ட்' கைச்சுழற்சி யந்திரங்களுள், 1871-ல் அந்நகரை அழித்த பெருந்தீக்குத் தப்பியவை மிகச் சில. லண்டனில் ஹியூபர்ட் பூத் 1901-ல் அமைத்ததோ, குதிரை இழுக்கும் வண்டியில் தெருவிலேயே நின்று, ஜன்னல் வழியே நீண்ட குழாய்களை உள்ளே விடுவது. அதைச் சேகரிக்க விரும்புகிறவருக்கு வீட்டோடு லாயமும் வேண்டும்.

ஆகவே வயதை நிர்ணயிக்கத் தோற்றத்தை நம்பாமல், உடலில் அறைந்திருக்கும் சிறு உலோகத் தகட்டைத் துடைத்துப் படிப்பதே உத்தமம். அதில் காப்புரிமைத் தேதிகள் பல இருக்குமாயின், விற்பவர் முதல் தேதியைச் சுட்டிக்காட்டுவார். யந்திரமோ கடைசித் தேதிக்கு முன் அந்த வடிவில் வெளிவந்திருக்க இயலாது. தேதியின்றி எண் மட்டும் இருந்தாலும் பாதகமில்லை: அமெரிக்கக் காப்புரிமைகளின் வரிசை பத்து லட்சத்தை எட்டியது 1911 ஆகஸ்டில் என்பதால், அந்நாட்டு யந்திரத்தில் ஏழு இலக்கக் காப்புரிமை எண்ணைக் கண்டால், அது அதற்கு முந்தியதன்று என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

வாங்கிய ஆவலில் பிளக்கைச் சொருகிப் பார்ப்பது அபாயம். மின்கம்பியின் ரப்பர் உறை காய்ந்து, தொட்டாலே பொடியாக உதிரும் நிலையில் இருக்கும். நிக்கல் பூச்சை மினுக்கித் தேய்ப்பதும் தகாது. மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரத் தொழிலாளர் கிடைப்பர்; தயாரித்தவர் பெயர் அச்சிட்ட பழைய துணிப்பை கிழிந்துபோனால் அதற்கு ஈடு கிடையாதாகையால், பேரம் பேசுமுன் நான் முதலில் பார்ப்பது பையைத்தான்.