மணலுக்கு மேல் ஒரு கோப்பைச் சோறு

குருமட மாணவர்களாக இருந்த காலத்தில், 2003 ஆம் ஆண்டு, கிராம அனுபவம் பெறுவதற்கென நாம் ஐந்து பேர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டோம். தலைநகர் மணிலாவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெரிய நகரங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான். எழுத வேண்டியது அதற்கு வடக்கே பம்பங்கா மாகாணத்திலுள்ள பக்கோலோர் என்னும் ஊரைப் பற்றியே.

பினதூபோ எரிமலை ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டு 1991 யூன் 15 இல் பெருவெடிப்பாக வெடித்தது. அதே நாளில் சூறாவளியும் வந்தது. மழையில் நனைந்து பாரமேறிய சாம்பலைத் தாங்கமாட்டாமல் கூரைகள் இடிந்து விழுந்ததால் பலர் இறந்தனர். விவசாயியின் துன்பம் அத்தோடு முடியவில்லை. மலைச்சரிவில் குவிந்த சாம்பலும் மணலும் ஒவ்வொரு மழைகாலத்திலும் சேற்று வெள்ளமாய் ஆறுகள் வழியே இறங்கின. அதற்கு 'லஹார்' என்று பெயர். வயல், வாய்க்கால், வீடு என்று பாராமல் மூடிக்கொண்டு போகும். 1995 ஒக்டோபர் 1 இல் அது பக்கோலோரைப் புதைத்தது. 12 மீற்றர் உயரமான சான் கில்யெர்மோ ஆலயத்தில் பாதி மண்ணுக்குள் போனது. மக்கள் பீடத்தைத் தோண்டியெடுத்து, உயர்ந்துவிட்ட புதிய நிலத்தில் நிறுத்தினார்கள். யன்னல்களாக இருந்தவை வாசல்களாயின. நாமும் யன்னல் வழியாகத்தான் பூசைக்குப் போனோம்.

சில ஆண்டுகள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டிருந்து, பின்னர் தம் ஊருக்கே திரும்பிவந்த ஒரு குடும்பத்துடன் எம்மில் இருவர் தங்கினோம். பழைய வீடு எங்கே என்று கேட்டோம். வீட்டுக்காரர் காலால் நிலத்தைத் தட்டிக் காட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வந்து எமது கையை எடுத்துத் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பெரியோரிடம் ஆசி பெறும் முறை அது, 'மானோ' என்பார்கள். இருபத்தைந்து வயதுகூட நிறையாத எமக்குக் கூச்சமாக இருந்தது. அந்நாட்டில் இன்னொரு வழக்கம்: சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் தெருவால் போகிறவரைக் கண்டாலும் 'கைன் தாயோ', சாப்பிடுவோம் வாருங்கள், என்று கூப்பிடுவார். போகிறவர் புன்னகையுடன் மறுத்துவிட்டுப் போவார். எனவே முதல் அழைப்பை மறுப்பதுதான் பண்பு என்று நாம் விளங்கிக்கொண்டோம். அரைகுறை விளக்கம்.

அன்றிரவு எமக்கு 'தினோலா' சமைத்தார்கள். இஞ்சி போட்ட கோழி ரசம். அதில் காய்ப்பப்பாசியும் முருங்கையிலையும். அந்நியதேசத்தில் முருங்கையிலையின் மணம் வந்தபோது எமக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. ஆனால் பின்னேரம் வீட்டின் கீழே மூன்று கோழிகள் நின்றதைக் கண்டிருந்தோம். இப்போது இரண்டே நின்றன. மனம் கேட்கவில்லை. பசியில்லை என்று சொல்லி, இரண்டு பிடி சோறும் கொஞ்சம் ரசமும் மட்டும் எடுத்தோம். இறைச்சியைத் தொடவில்லை. பிள்ளைகள் சாப்பிடட்டும் என்ற நல்லெண்ணந்தான். வீட்டுக்கார அம்மா ஒன்றும் பேசாமல் கோப்பைகளை எடுத்துச் சென்றார்.

மறுநாள் எமக்கு வழிகாட்டிய பங்கு இளைஞர் விடயத்தைச் சொன்னார். 'அம்மா இரவு நித்திரை கொள்ளவில்லை. தன் சமையல் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றும், ஏழை வீடு என்று நினைத்துவிட்டீர்கள் என்றும் கவலைப்படுகிறார்.'

இரண்டாவது உண்மைதானே! வெட்கத்துடன் திரும்பிப் போனோம். மன்னிப்புக் கேட்பதற்குப் பாஷை போதாததால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரருடன் தோட்டத்துக்கு இறங்கினோம். நெல் விளைந்த நிலம் இப்போது மணல். அந்த மணலில் அவர்கள் வற்றாளை வைத்திருந்தார்கள். எரிமலை மணலில் வற்றாளை நன்றாக வருகிறது என்று கிழங்கைத் தூக்கிக் காட்டினார். மத்தியானம் கருவாடும் சோறும் வினாகிரியும். அம்மா வைக்க வைக்கச் சாப்பிட்டோம். அவரும் சிரித்தார்.

பிறகுதான் பேச்சு வந்தது. 1995 ஒக்டோபரில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவர் கேட்டார். எம்மில் ஒருவர் அதே மாதம் 30 ஆம் திகதி இரவு, மழையில், வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டின் விறாந்தையில் ஐந்து குடும்பங்களுடன் தங்கியதையும், அந்த வீட்டுக்காரி பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சித் தந்ததையும் சொன்னார். இளைஞர் மொழிபெயர்க்க அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். 'அந்தக் கஞ்சியை நீ வேண்டாமென்றாயா?' என்று மட்டும் கேட்டார்.

இன்று அபிவிருத்தி வேலைக்காக உங்கள் வீடுகளுக்கு வருகிறவர்கள் நாம். படிவத்தை நிரப்பிக்கொண்டு, தேநீர் வேண்டாமென்று சொல்லி, வாகனம் காத்துநிற்கிறது என்று எழும்புகிறவர்களும் நாமே. உங்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்பது எமது நினைப்பு. ஆனால் வாங்குவதற்கு மட்டுமே உரியவர்கள் என்று உங்களை ஒரு பக்கத்தில் இருத்திவிட்டு, பங்களிப்பு, பங்கேற்பு என்று கூட்டங்களில் பேசுவதில் என்ன நியாயம்? இது எம்மைப் போன்றோர் மீதான குற்றச்சாட்டு, உங்கள் மீதானதல்ல. பக்கோலோர் அம்மாவின் வருத்தத்தைப் பார்த்திராவிட்டால் எமக்கும் இது புலப்பட்டிராது.

புறப்படும் நாளில் அவர் அவித்த வற்றாளைக் கிழங்குகளை வாழையிலையில் சுற்றித் தந்தார். பஸ் வரும்வரை பிள்ளைகள் எம்முடனேயே நின்றார்கள். மணிலா விமான நிலையத்தில், பயணப் பொதிகளுக்கு மேல் இருந்தபடியே, ஐந்து பேரும் அவற்றைத் தோலுரித்துச் சாப்பிட்டு முடித்தோம்.